கண்மாய்க்கரைத் தெருவின் சிவப்பு வாளிகள்

காலை ஆறு நாற்பது. நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பரவாயில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நிமிடம் அது. சொல்லி வாய் மூடுவதற்குள் ராமலட்சுமி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பி வந்தாள். வீடு வீடாகக் குப்பை வாங்கக் கிளம்பியவள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து வர வேண்டும். இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"சார், வண்டி நகர மாட்டேங்கு. கனம் தாங்கல."

"அதுக்குள்ள நிறைஞ்சிடுச்சா?" என்றேன், பெருமையோடு.

"நிறைஞ்சிருச்சு. ஆனா குப்பை இல்ல. மணலு. அம்புட்டும் மணலு சார்."

துப்புரவு ஆய்வாளராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள், இருபத்து நான்கு வருட அனுபவத்தில் சிறந்த சாதனை எது என்று. சாதனைகளைப் பற்றிய கோப்புகள் அலுவலகத்தில் இருக்கின்றன. தூசி தட்டிப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது கோப்பில் ஏறாத ஒரு காலைப்பொழுது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும், தெருவில் யாராவது சிவப்பு வாளியைக் கையில் வைத்திருந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம். தெருமுனைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்து வாங்குகிற ஏற்பாடு அப்போதுதான் எங்களுக்கு வந்தது. முதலில் ஒரே ஒரு வார்டில் நடத்திப் பார்ப்பது என்று முடிவு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாளி. சமையலறைக் கழிவுக்குப் பச்சை. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உடைந்தது, கிழிந்ததற்கு இன்னொரு நிறம். எந்த நிறம் என்பதை என்னிடம் விட்டார்கள். நீலம் வாங்கியிருக்கலாம், மஞ்சள் வாங்கியிருக்கலாம். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று நான் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். வாளி ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணை வெள்ளைப் பெயிண்டில் எழுதவும் சொன்னேன். அந்த எண்களைப் பற்றி எனக்கு அசாத்தியமான பெருமை இருந்தது.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்தில் அந்த ஊரின் சாக்கடைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒருமுறைகூட ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் காலை வைத்ததில்லை. பயம். கேஸ் அடுப்பை மூடியிருக்கிறேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். கம்பெனிக்குள் போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் கொக்கியில் சிவப்பு வாளி தொங்கும். உள்ளே மணல் இருக்கும். தீப்பொறி விழுந்தால் அள்ளிப் போடுவதற்கு. அந்த வாளியை வேறு எதற்காகவும் தொடக் கூடாது. தொட்டால் போர்மேன் திட்டுவார், அன்றைக்கு வேலை கிடையாது. காலையில் வேன் ஏறி சாயங்காலம் வேன் இறங்குகிற பெண்கள் பத்து வருடம், பதினைந்து வருடம் அந்த வாளியைப் பார்த்துப் பழகியவர்கள்.

அவர்களிடம் போய் நகராட்சி வீட்டுக்கு ஒரு சிவப்பு வாளியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? மணல் நிரப்பி வாசலில் ஆணி அடித்து மாட்டினார்கள். சிலர் மேலே வட்டமாகக் கோலம் மாதிரி விரலால் கோடுகூட இழுத்திருந்தார்கள். குப்பை வாங்கப் போன ராமலட்சுமி, வாளியில் என்ன இருந்தாலும் வாங்க வேண்டும் என்று நான் உத்தரவு போட்டிருந்ததால், எல்லா மணலையும் வண்டியில் கொட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உனக்காவது தெரிய வேண்டாமா?" என்றேன்.

"தெரியும் சார். நானும் எங்க வீட்டு வாளியில மணல்தான் போட்டிருக்கேன்."

அதற்குள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். அன்று கம்பெனி விடுமுறை நாள். எல்லோருக்கும் நேரம் இருந்தது, வாயும் இருந்தது.

"ஆத்து மணலு சார். சலிச்சுப் போட்டோம். குப்பை வண்டியில கொட்டிட்டுப் போறாளே, இவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தீபாவளி சீசன் நேரம்னு முனிசிபாலிடிக்கே நம்ம மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சுன்னு நினைச்சோம்."

"அந்த வாளி குப்பை போடறதுக்கும்மா" என்று நான் விளக்கினேன்.

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "சிவப்பு வாளியிலயா? குப்பையவா?" கோயில் உண்டியலில் வெற்றிலை எச்சில் துப்பச் சொன்னது போல என்னைப் பார்த்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "சாருக்கு எந்த ஊரு?" என்றாள். அதற்கு மேல் எல்லோரும் சிரித்ததில் நானும் சிரித்தேன்.

சிரித்தது பெரிய தப்பு இல்லை. ஆனால் தவறு ஒன்று வேடிக்கையாக வெளிப்படும்போது, அதே தவறு வேறு எந்த மூலையில் வேடிக்கையில்லாமல் கிடக்கிறது என்று உடனே யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. எனக்காக யோசித்தவர் அந்தத் தெருவிலேயே குடியிருந்த ஓய்வு பெற்ற போர்மேன் ஒருவர். எல்லோருக்கும் அவர் போர்மேன் அண்ணாச்சி. பெயர் எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. காலியான வாளியைக் கையில் பிடித்தபடி மணலைத் திருப்பிக் கேட்க வந்திருந்தார். என் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாத் தெருவுலயும் மணல் இருக்கும்னு நினைச்சிறாதீக சார். கண்மாய்க்கரைத் தெருவுக்கு வண்டி போயிருக்கா?"

"மூணாவது வண்டி போயிருக்கு. ஏன்?"

"அங்கன வாளி கொடுத்தப்ப நீங்க பேசினதை நானும் நின்னு கேட்டேன். என்ன சொன்னீக? வீட்டுல வச்சிருக்கப் பயமா இருக்கறது எதுன்னாலும் சிவப்பு வாளியில போடுங்க, யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டோம்னு சொன்னீகளா இல்லையா?"

சொன்னேன். பிளேடு, உடைந்த டியூப்லைட், ஊசி, தீர்ந்துபோன பேட்டரி இவற்றை நினைத்துச் சொன்னேன். குப்பை அள்ளும் பெண்களின் கை கிழிபடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொன்னேன்.

"அந்தத் தெருவுல வீட்டுக்குள்ள என்ன வேலை நடக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது, சாக்கடை அத்துப்படியான எனக்குத் தெரியவில்லை. கருந்திரி. பட்டாசுக்குள் வைக்கிற மருந்து தடவிய திரி. லைசென்ஸ் உள்ள கம்பெனியில் மட்டும்தான் செய்ய வேண்டும். ஆனால் யாரோ கொண்டு வந்து கொடுப்பதை வாங்கி, அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வைத்துச் செய்கிறவர்கள் அங்கே நாலைந்து வீட்டுக்காரர்கள். சீசன் என்றால் போலீஸ் சோதனை வரும். சோதனைக்குப் பயந்து எங்கே கொண்டு போய்த் தொலைப்பது என்று அவர்கள் முழித்துக்கொண்டிருந்த வாரத்தில், நகராட்சி அதிகாரி ஒருவர் சிவப்பு வாளியோடு வந்து, பயமாக இருப்பதை இதில் போடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம் என்கிறார். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

"நல்ல மனுசன், சூசகமாச் சொல்லிட்டுப் போறாருன்னு அங்கன உங்களைப் பத்திப் பேச்சு சார்" என்றார் போர்மேன் அண்ணாச்சி.

எனக்கு அவர் பேசியது அதன் பிறகு காதில் விழவில்லை. மூன்றாவது வண்டியோடு என் மகள் போயிருந்தாள்.

சுபா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்திலிருந்து வண்டிக்கு ஒரு மாணவியை அனுப்புவது, வீட்டுக்காரர்களிடம் பிரித்துப் போடச் சொல்வது என்று ஏற்பாடு. யாரை எந்த வண்டிக்கு அனுப்புவது என்ற பட்டியலைப் போட்டவன் நான். ஒரு தகப்பன் அப்படிப்பட்ட பட்டியலை எவ்வளவு யோக்கியமாகப் போடுவான் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் போகாத, நாய் இல்லாத, ஓரமான, அமைதியான தெருவாகப் பார்த்து என் மகளுக்கு ஒதுக்கினேன். கண்மாய்க்கரைத் தெரு. அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு ஜோடி கையுறை. வெந்நீர் பாட்டில். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன்: "பச்சை வாளியைத் தொடாதே. கிருமி. அதை வண்டி தள்ளுற சண்முகத்தாய் பார்த்துக்குவாங்க. நீ சிவப்பு வாளியை மட்டும் வாங்கிக் கொட்டு. அதுதான் சுத்தம்."

என் பணிக்காலத்தில் நான் கொடுத்த பாதுகாப்பு ஆலோசனைகளிலேயே மிக விரிவானது அதுதான்.

டீக்கடைக்கு ஓடினேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட வேண்டும். ரிசீவரை எடுத்த என் கையின் மேல் போர்மேன் அண்ணாச்சி கையை வைத்தார். ஆள் வயதானவர், பிடி வயதாகவில்லை.

"விடுங்க. என் பொண்ணு அங்க நிக்கிறா."

"அதான் பிடிச்சிருக்கேன். இப்ப நீங்க போடுற போனுக்கு வண்டி எப்படி வரும்? சைரன் அடிச்சுக்கிட்டு வரும். சைரன் கேட்டா அந்தத் தெருக்காரக என்ன நினைப்பாக? சோதனைன்னு நினைப்பாக. வாளியில போடாம மிச்சம் வீட்டுல வச்சிருக்கறதையும் அள்ளிக்கிட்டு வெளிய ஓடி வருவாக. எங்கன வீசுவாக? வாசல்ல நிக்குற வண்டியிலதான். உங்க பிள்ளை நிக்குற வண்டியில."

நான் ரிசீவரை விட்டேன்.

"ஃபயர் ஸ்டேஷன் ஆபீசர் எனக்குப் பழக்கம். நான் பேசுதேன். சத்தமில்லாம வரச் சொல்லுதேன். நீங்க போங்க. வண்டியில போகாதீக. ஓடாதீக. நடந்து போங்க."

"நடந்தா?"

"ஓடுற ஆபீசரைக் கண்டா ஊரே ஓடும் சார். வீட்டு வரி வசூலுக்குப் போற மாதிரி போங்க."

உங்களுக்குப் பயிற்சியில் எத்தனையோ சொல்லிக் கொடுப்பார்கள். நடப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். அரைக் கிலோமீட்டர் தூரம். என் மகள் கருந்திரி வண்டியின் பக்கத்தில் நிற்கிறாள். நான் வீட்டு வரி வசூலுக்குப் போகிறவனைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன். வழியில் ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றிப் புகார் சொன்னார். நின்று கேட்டேன். நிற்காமல் போயிருந்தால் அவர் கூடவே வந்திருப்பார். "பார்க்கறேங்க, நாளைக்கு ஆள் அனுப்பறேங்க" என்று சொன்ன என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போல இருந்தது. இன்னொருவர், "என்ன சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு, சர்க்கரையா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்குச் சர்க்கரை வியாதி. கல்யாண வீடுகளில் எனக்கு மட்டும் இலையில் பாயசம் விழவில்லை.

கண்மாய்க்கரைத் தெருவில் திரும்பினேன். தெரு வெறிச்சென்று இருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. நடுத்தெருவில் வண்டி தனியாக நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் சிவப்பு வாளிகள் நான்கு, காலியாக. அவற்றுக்குப் பக்கத்தில் சுபாவின் ரப்பர் பூட்ஸ். இரண்டும் ஜோடியாக, நேராக, வாசலில் கழற்றி வைத்தது போல நின்றன. அவற்றுக்குள் என் மகள் இல்லை.

இந்த இடத்தை என் மனைவியிடம் நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. பூட்ஸைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

"அப்பா! அங்கேயே நில்லுங்க!"

தெருவின் மறுமுனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால். இரண்டு கைகளையும் அகல விரித்துத் தெருவை அடைத்திருந்தாள். அவளுக்கு எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், காலை பீடியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் நின்றார்.

"சார், இது உங்க பிள்ளையா? நான் பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கேன், வாயில இருந்த பீடியப் புடுங்கிச் சாக்கடையில போட்டுட்டா. இப்பத்தான் சார் பத்த வச்சேன். ரெண்டு இழுப்புகூட இழுக்கல."

"அப்பா, செருப்பைக் கழட்டுங்க. ஆணி இருக்கும், உரசினா தீப்பொறி வரும். கழட்டிட்டுச் சுவர் ஓரமாவே வாங்க."

கழற்றினேன். என் வாழ்க்கையில் அவள் சொல்லி நான் உடனே கேட்ட முதல் விஷயம் அது.

அந்த நேரத்தில்தான் ஒரு வீட்டின் பக்கச் சந்திலிருந்து சண்முகத்தாய் வந்தாள். குப்பை வண்டி வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் கம்பெனியில் இருந்தவள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் வரிசையாக, ஒருத்தி பின்னால் ஒருத்தி, வெறுங்காலோடு வந்தார்கள். எல்லோர் கையிலும் பச்சை வாளி. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, நேற்றைய சாம்பார், புளிச்ச மோர், காய்கறித் தோல். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் வேகமாக நடக்கவில்லை. சண்முகத்தாய் ஒவ்வொரு வாளியாக வாங்கி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல, வண்டியின் ஓரத்தில் சாய்த்து மெல்ல ஊற்றினாள். முதலில் நனைந்தது, பிறகு மூழ்கியது. வண்டி முழுக்க நாறுகிற சாம்பார்க் குளம். அதற்குள் கறுப்புத் திரிச் சுருள்கள்.

ஈரத்தையும் உலர்ந்ததையும் கலக்கவே கூடாது என்று அந்தப் பெண்களுக்கு மூன்று வாரம் வகுப்பெடுத்தவன் நான். சண்முகத்தாய் கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வையாதீக சார். எல்லாத்தையும் கலந்துட்டேன்."

ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். முதல் நான்கு வீடுகளின் சிவப்பு வாளிகளையும், நான் சொல்லிக் கொடுத்தபடியே, சுபாதான் வாங்கி வண்டியில் கொட்டியிருக்கிறாள். சண்முகத்தாய் எதிர்வரிசையில் பச்சை வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டியதெல்லாம் கறுப்பு நூல் என்று சுபா நினைத்திருக்கிறாள். நல்ல நூலை இப்படி வீணாக்குகிறார்களே என்று வருத்தப்பட்டு, ஒரு சுருளை எடுத்து ஜடை நுனியில் ரிப்பனைப் போலக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சண்முகத்தாய் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணில் முதலில் பட்டது வண்டி இல்லை, அந்த ஜடை. ஒரு வார்த்தை கத்தவில்லை. சிரித்த முகத்தோடு பக்கத்தில் போய், "தாயி, ஜடை அவுந்திருக்கு, அக்கா பின்னி விடுதேன், ஆடாம நில்லு" என்று சொல்லி, அவிழ்த்து எடுத்திருக்கிறாள். பிறகு, கம்பெனியில் மருந்துப் பக்கம் யாரும் செருப்போடு போகாத பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, "அந்த முக்குல நின்னு பீடி, சிகரெட்டோட எவன் வந்தாலும் விடாத" என்று வண்டியை விட்டுத் தூரமாக அனுப்பியிருக்கிறாள். சுபாவுக்கு அதுவரை தான் ஏதோ விளையாட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்றுதான் எண்ணம். பீடியைப் பிடுங்கியபோதுதான் புரிய ஆரம்பித்தது என்றாள்.

ஜடை விஷயத்தை அவள் என்னிடம் சொன்னது அன்று வீட்டுக்குப் போகிற வழியில், சிரித்துக்கொண்டே. இப்போது அவள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். தலையை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று போனில் கேட்டால், "அப்பா, மறுபடியுமா?" என்கிறாள்.

ஸ்டேஷன் ஆபீசர் சொன்னபடி சத்தமில்லாமல் வந்தார். லுங்கியும் பனியனுமாக, சைக்கிளில். பின்னால் இரண்டு ஆட்கள், அவர்களும் யூனிபார்ம் இல்லாமல். வண்டியைப் பார்த்தார், முகர்ந்தார், "யாரு வச்ச சாம்பாரு? புளி தூக்கலா இருக்கு" என்றார். மூடியிருந்த கதவுகளுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. எப்படி எடுத்துப் போவது, எங்கே கொண்டு போய் அழிப்பது என்பதெல்லாம் அவர் வேலை, அதைச் செய்தார். புறப்படும்போது காலி வாளிகளைக் காலால் காட்டி என்னிடம் கேட்டார்:

"எந்த வீடு சார்?"

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். நான்கு வாளிகளிலும் வெள்ளைப் பெயிண்டில் வீட்டு எண். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று போர்டு எழுதுகிற ஆளை வைத்து எழுத வைத்தது. அவர் குனிந்தாலே படித்துவிடலாம். அவர் குனியவில்லை. என்னைத்தான் கேட்டார்.

என் மகள் கையால் வாங்கிக் கொட்டியதை வாசலில் வைத்தவர்கள். கோபம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கேள்வி கேட்க மாட்டேன் என்று அதே தெருவில் நின்று மைக் பிடித்துச் சொன்னவன் நான். அந்த வார்த்தையை நம்பித்தான் அது வாசலுக்கே வந்தது. அன்றைக்கு நான் எண்ணைச் சொன்னால் நான்கு வீட்டுக்காரர்களும் போலீஸ் வேனில் போவார்கள். அடுத்த முறை அது வாளிக்கு வராது. பரணுக்குப் போகும், கிணற்றுக்குப் போகும்.

"கேட்க மாட்டேன்னு சொல்லிக் கொடுத்த வாளி சார்" என்றேன்.

"கஷ்டமான வாளி வாங்கிருக்கீக" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அது சரியான முடிவா? சட்டப்படி இல்லை. இன்றைக்கும் பல ராத்திரிகளில் நான் அந்த எண்களைச் சொல்லிவிடுகிறேன், கனவில். உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. வாக்குக் கொடுக்கும் முன் எதைப் பற்றி வாக்குக் கொடுக்கிறோம் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் பரிந்துரைக்கிறேன். வாளி வாங்குவதற்கு முன் ராமலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளுக்குக் குப்பை வாங்கப் பயிற்சி கொடுத்தேனே தவிர, அவளிடம் எதையும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஆணையர் ஜீப்பில் வந்தார். வீட்டுக்கு வீடு குப்பை சேகரிப்பின் முதல் நாளைப் பார்வையிட வருவதாக முன்பே சொல்லியிருந்தார். நல்லவேளையாக ராமலட்சுமி மணல் வாங்கி வந்த முதல் தெருவுக்குத்தான் போனார். பெண்கள் அதற்குள் தங்கள் மணலைத் திரும்ப அள்ளி வாளியில் நிரப்பி, பழையபடி வாசல் ஆணியில் மாட்டியிருந்தார்கள். தெரு நெடுக, இரு வரிசையிலும், சிவப்பு வாளிகள் ஒரே உயரத்தில் தொங்கின. ஆணையர் அசந்துவிட்டார்.

"குப்பையோட தீத்தடுப்பையும் சேர்த்திருக்கீங்களே! எனக்கே தோணலை பாருங்க. யாரோட யோசனை?"

ராமலட்சுமி என்னை முந்திக்கொண்டாள். "சாரோட யோசனைதான் சார். சிவப்புதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னு வாங்கிட்டு வந்தாக."

எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பணிப் பதிவேட்டில் இருக்கிறது, யாராவது போய்ப் பார்த்துவிட்டுத் தொலையுங்கள். உலர்ந்த குப்பைக்கு அடுத்த மாதம் நீல வாளி வாங்கினோம்.

அன்றைக்குப் பிறகு ஐந்தாறு நாள் நான் கண்மாய்க்கரைத் தெருப்பக்கம் போகவில்லை. சண்முகத்தாயை மட்டும் அனுப்பினேன். சுபாவைப் பள்ளிக்கு நானே கொண்டு போய் விட்டு, நானே கூட்டி வந்தேன். மன்றத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிடும்படி தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். கடிதம் மேசை மேல் கிடந்த ஒரு காலையில், அலுவலக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. எங்கேயோ பார்த்த முகம். அன்று புளிச்ச மோர் கொண்டு வந்த வரிசையில் இருந்தவள் என்பது சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது.

"பேச்சியம்மா சார். கண்மாய்க்கரைத் தெரு." வீட்டு எண்ணை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"உக்காருங்கம்மா."

உட்காரவில்லை. இடுப்புக் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"பிள்ளை நல்லா இருக்கா சார்? பயந்துருச்சா?"

"அவ பயப்படலை. நான்தான் இன்னும் தூங்கலை."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்புதான், ஆனால் அதில் கெடுதல் இல்லை.

"உங்க பிள்ளை அரை மணி நேரம் பக்கத்துல நின்னதுக்கே ஒரு வாரமா உறக்கம் இல்லேங்கீக. எங்க பிள்ளைக அது தலைமாட்டுலதான் சார் படுத்து உறங்குது. வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தா, கொண்டாந்து போடுறவன் வாங்க மாட்டேங்கான். வெளிய எறிஞ்சா போலீஸு பிடிக்கும். இப்ப நீல வாளி தரப் போறீகளாம். தாங்க. ஆனா அந்தச் சிவப்பு வாளி, வாரத்துக்கு ஒருக்காவாச்சும் எங்க தெருவுக்கு வந்துட்டுப் போகட்டும் சார். நாங்களும் ஒரு நாளாவது கண்ணசந்துக்கிடுவோம்."